அச்சிட்ட பாகங்களைக் கொண்டு பல்கருவி சிஎன்சி இயந்திரம் கட்டுவது எப்படி?

பேனா, மரத்தைக் குடையும் ரூட்டர், லேசர் மூன்றையும் ஒரே சட்டத்தில் மாற்றி மாற்றிப் பொருத்த உதவும் சிஎன்சி (கணினிக் கட்டளைப்படி கருவியை நகர்த்தும்) இயந்திரத்தை வீட்டிலேயே கட்ட விரும்புகிறவர்களுக்கு, வி1 எஞ்சினியரிங் வெளியிட்ட மோஸ்ட்லி பிரின்டட் சிஎன்சி வடிவமைப்பை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூலைகளையும் நகரும் தாங்கிகளையும் முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டுக்கொள்ளலாம். குழாய், பேரிங், பெல்ட், மோட்டார் போன்றவற்றைக் கடையில் வாங்க வேண்டும். கருவியை மாற்றுவது சில நிமிட வேலை. அதைத் தாங்கும் சட்டம் வளையாமலும் செங்கோணம் பிசகாமலும் இருக்கும்படி செய்வதில்தான் உழைப்பெல்லாம் இருக்கிறது.

படி 1: அளவும் குழாயும்

முதல் இயந்திரத்துக்கு 300 × 300 மி.மீ. வேலைப்பரப்பும் 80 மி.மீ. உயரமும் போதும். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட குழாயின் நடுவில் விசை விழும்போது அது வளையும் அளவு நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், நீளத்தை இரட்டிப்பாக்கினால் வளைவு 8 மடங்காகிவிடும். பெரிய பலகை அறுக்கும் ஆசையை அடுத்த இயந்திரத்துக்கு ஒத்திப்போடுங்கள்.

இந்த வடிவமைப்பின் பிரைமோ என்ற பதிப்பின் பாகங்கள் 23.5, 25, 25.4 மி.மீ. என மூன்று வெளிவிட்டங்களுக்குத் தனித்தனியாகக் கிடைக்கின்றன. ஆகவே முதலில் குழாயை வாங்கி, வெர்னியரால் பல இடங்களில் அளந்து, அதன் பிறகே அதற்குரிய பாகங்களை அச்சிடுங்கள். ஒரு அங்குலக் குழாய்க்கு 25 மி.மீ. பாகம் பொருந்தாது.

படி 2: அச்சிடுதல்

பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையே இதற்கு ஏற்றது. பெட்ஜி என்ற மற்றோர் இழை அதைவிட எளிதில் வளைந்து கொடுக்கும் என்பதால் வெட்டும் வேலையில் துல்லியம் குறையும். பிஎல்ஏ ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்குவதால், இயந்திரத்தை நேர் வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள்.

படி 3: சட்டத்தைப் பூட்டுதல்

நான்கு கால்களும் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா என்று பக்கத்தில் பக்கம் நிறுத்திச் சரிபார்த்த பின், சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, அவை சமமாகும்வரை நகர்த்தி, அதன் பிறகே அடிப்பலகையில் திருகுங்கள். போல்ட்டுகளை மிகையாக முறுக்கினால் பாகம் வெடித்துவிடும். பேரிங்குகள் குழாயைத் தொட்டு உருண்டால் போதுமானது. பெல்ட்டை இழுக்கும் கப்பியின் சிறு திருகு மோட்டார் தண்டின் தட்டையான பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும்.

படி 4: மின்பகுதி

எக்ஸ், ஒய் அச்சுகளுக்கு இரண்டிரண்டு, இசட் அச்சுக்கு ஒன்று என நெமா 17 அளவுள்ள ஐந்து ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுழலும்) மோட்டார்கள் தேவை. ஓர் அச்சின் இரு மோட்டார்களும் எதிரெதிராக இழுத்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒன்றின் இணைப்பியைத் திருப்பிச் செருகுங்கள். மின்சாரம் ஓடும்போது மோட்டாரைக் கழற்றினால் அதை இயக்கும் டிரைவர் சுற்று பழுதாகிவிடக்கூடும்.

இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மார்லின் மென்பொருளில், ஒரு மில்லிமீட்டர் நகர எத்தனை படிகள் என்று தரவேண்டிய எண்ணை நாமே கணக்கிடலாம். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள் நகர்கிறது; ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரித்தால் 3,200 ஆகிறது. 16 பற்கள் கொண்ட கப்பியில், பற்களுக்கிடையே 2 மி.மீ. இடைவெளியுள்ள பெல்ட் ஒரு சுற்றுக்கு 32 மி.மீ. நகர்வதால், மில்லிமீட்டருக்கு 100 படிகள். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. ஏறும் இசட் திருகுத்தண்டுக்கு 400 படிகள்.

படி 5: முதலில் பேனா

ரூட்டரைப் பொருத்தும் ஆவலை அடக்கிக்கொண்டு, பேனாவால் 200 மி.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரையச் செய்யுங்கள். இந்த ஒரு சதுரம் இயந்திரத்தின் குறைகளையெல்லாம் காட்டிக்கொடுக்கும். பக்கம் 250 மி.மீ. வந்தால் உங்கள் கப்பியில் 20 பற்கள் இருக்கின்றன என்று பொருள். எண்ணை 80 ஆக மாற்றுங்கள். பக்கங்கள் சரியாக இருந்தும் மூலைவிட்டங்கள் இரண்டும் 282.8 மி.மீ. வரவில்லை என்றால் அச்சுகள் செங்கோணத்தில் இல்லை. மின்சாரத்தை நிறுத்தி, அச்சின் இரு முனைகளையும் தடுப்புவரை தள்ளி நேராக்கிய பின் மீண்டும் வரையுங்கள். கோடு தொடங்கிய புள்ளியும் முடிந்த புள்ளியும் சேராவிட்டால், பெல்ட் அல்லது கப்பித் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: ரூட்டர்

அமெரிக்கக் கட்டுநர்கள் பரவலாகப் பயன்படுத்தும் டிவால்ட் 660 ரூட்டர் அந்நாட்டின் 120 வோல்ட் மின்சாரத்துக்கானது. 230 வோல்ட் வரும் நாடுகளில், அதற்குரிய டிரிம்மரை (சிறு ரூட்டரை) வாங்கி, அதன் விட்டத்துக்கேற்ற பிடிப்பானை அச்சிட வேண்டும். ஒற்றை வெட்டு விளிம்புள்ள 3 மி.மீ. பிட்டுடன், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில், ஒரு முறை வெட்டி ஓடுவதற்கு 1 மி.மீ. ஆழமும் நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகமும் வைத்துத் தொடங்குங்கள். கருவி மாறும்போதெல்லாம் அதன் நீளமும் மாறுவதால், பலகைமேல் காகிதத்தை வைத்து, அது லேசாக உரசும்வரை இறக்கி, இசட் பூச்சியத்தை (உயரத்தின் தொடக்கப் புள்ளியை) புதிதாகக் குறியுங்கள். எம்டிஎஃப் தூசு நுரையீரலுக்குக் கெடுதியானது. முகக்கவசமும் தூசு உறிஞ்சியும் இல்லாமல் வெட்டாதீர்கள்.

படி 7: கடைசியில் லேசர்

பெரும்பாலான டயோடு லேசர்களின் அலைநீளம் 450 நானோமீட்டர். அந்த எண் பொறித்த பாதுகாப்புக் கண்ணாடியை அறையில் இருக்கும் எல்லோரும் அணிந்த பிறகே விசையைப் போட வேண்டும். லேசர் எரிந்துகொண்டிருக்கும்வரை இயந்திரத்தை விட்டு நகரக்கூடாது. பிவிசி, ரெக்சின் போன்றவற்றை ஒருபோதும் வைக்காதீர்கள்; எரியும்போது அவற்றிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு மூச்சுக்குழாயையும் இயந்திரத்தின் உலோகப் பாகங்களையும் அரித்துவிடும்.