ஹில் கோளத்தை போன்ல கணக்குப் போட்டு, கையாலயே வானத்துல அளக்கறது எப்படி

ஒரு கோள் தன் நிலாவ சூரியன்கிட்ட பறிகொடுக்காம எவ்ளோ தூரம் வரை வச்சுக்க முடியுமோ அந்த எல்லைதான் ஹில் கோளம், ஜார்ஜ் வில்லியம் ஹில்னு ஒரு அமெரிக்கக்காரர் பேரு அது. ஃபார்முலா பாத்து பயப்படாதீங்க, போன் கால்குலேட்டர் போதும்.

சூரியனோட நிறை கோளோட நிறையப் போல எத்தனை மடங்குன்னு எடுங்க, 3ஆல பெருக்குங்க, கியூப் ரூட் போடுங்க, வர்ற நம்பரால சூரியன்ல இருந்து கோளோட தூரத்த வகுங்க. அவ்ளோதான்.

பூமிக்கு 3,33,000 மடங்கு, 3ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 10 லட்சம், கியூப் ரூட் 100. 15 கோடி கிமீய 100ஆல வகுத்தா 15 லட்சம் கிமீ. இஸ்ரோவோட சூரிய ஆய்வுக் கலம் ஆதித்யா எல்1 நிக்கிற தூரமும் இதேதான், தற்செயல் இல்ல, பூமியில இருந்து சூரியன் பக்கமா இருக்கற எல்1 புள்ளி இந்த எல்லையிலதான் இருக்கு. நம்ம நிலா 3,84,400 கிமீலயே இருக்கு, சேஃப். இத்தனைக்கும் சூரியன் நிலாவ பூமிய விட ரெண்டு மடங்கு பலமா இழுக்குது, ஆனா பூமியையும் சேர்த்தே இழுக்கறதால அந்த இழுப்புல இருக்கற வித்தியாசம் மட்டும்தான் கணக்கு.

அடுத்து வியாழன். 1047 மடங்கு, மூணால பெருக்கினா 3141, கியூப் ரூட் 14.65, தூரம் 77.8 கோடி, ஆக 5.3 கோடி கிமீ. இப்ப கொடைக்கானல் டவுன் லைட்ட விட்டு பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போங்க, மூட்டம் இல்லாத ராத்திரியா, வியாழன் விடிய விடிய தெரியற சீசனா பாத்துக்கங்க, குல்லா ஸ்வெட்டர் மறக்காதீங்க. கைய நல்லா நீட்டி முஷ்டிய மடக்கி வியாழன் நடுவுல வர்ற மாதிரி புடிங்க. முஷ்டி மறைக்கிற பத்து டிகிரி அகலம்தான் கிட்டத்தட்ட அதோட ஹில் கோளம்! பைனாகுலர்ல தெரியற நாலு நிலாவும் அதுல ஒரு மூலைக்குக் கூட வராது.

நிலாவுக்கும் உண்டு, ஆனா அங்க பெரிய ஆள் சூரியன் இல்ல, பூமி. 81 மடங்கு, மூணால பெருக்கினா 243, கியூப் ரூட் 6.2 சொச்சம், பூமி-நிலா தூரத்த அதால வகுத்தா, விடை சுமார் 60,000 கிமீ. வானத்துல அளக்க முஷ்டி பத்தாது, நீட்டின கையில ஒரு சாண் வேணும்.

ஒண்ணு மட்டும், முழு கோளத்தையும் நம்பிடாதீங்க, ரொம்ப காலம் நிலைக்கணும்னா மூணுல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா பாதி வரைக்கும்தான். கோள் சூரியன சுத்துற திசைக்கு எதிர்த்திசையில சுத்துற நிலா இன்னும் கொஞ்சம் வெளிய தாக்குப்புடிக்கும், வியாழனோட தூரத்து நிலாக்கள் முக்காவாசி அப்படித்தான் சுத்துது.