மரப்பலகை ஏற்றுமதிக் கணக்கு: இரண்டு கோடு வரைவதற்கு முன்

ஆசியா, ஐரோப்பா இரண்டும் 1961 முதல் எவ்வளவு மரப்பலகை (பிளைவுட் போல ஆலையில் ஒட்டித் தயாராகும் பலகை) ஏற்றுமதி செய்தன என்ற கணக்கை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் இணையதளத்தில் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். எடுத்து இரண்டு கோடு போட்டு, மேலே போகும் கோட்டைப் பார்த்து 'இவர்கள் வளர்ந்தார்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். எல்லா வருடமும் ஒரே பொருளைத்தான், ஒரே எல்லைக்குள்தான் எண்ணியிருக்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை.

ராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். விசைப்படகுகளுக்கு முன்பு மீன்பிடித் தடைக்காலம் 45 நாள். 2017 முதல் 61 நாள், ஜூன் 14 வரை. இது தெரியாமல் பாம்பன், மண்டபத்தில் ஜூன் மாதம் இறங்கும் மீனைப் பழைய ஜூனோடு ஒப்பிட்டால், கடலுக்குப் போகாத நாட்களெல்லாம் மீன் குறைந்த கணக்காகத் தெரியும்.

பலகை விஷயத்தில் என் கண்ணுக்குப் பெரிய தவறு, எல்லை மாறியதைக் கவனிக்காதது. சோவியத் யூனியன் இருந்தவரை லாட்வியாவிலிருந்து ரஷ்யாவுக்குப் போன பிளைவுட் உள்நாட்டுச் சரக்கு. 1991க்குப் பிறகு அதே தடத்தில் அதே பலகை போனால் அது ஏற்றுமதி. 1993இல் செக்கோஸ்லோவாக்கியா பிரிந்தபோதும் இதே கதைதான். ஒரு ஷீட்கூடக் கூடுதலாகத் தயாராகாமலே ஐரோப்பாவின் கோடு ஏற முடியும். எந்த நாடு எந்தப் பிராந்தியம் என்பதையும் பாருங்கள். ஐ.நா. வகைப்பாட்டில் ரஷ்யா முழுவதும் ஐரோப்பா, துருக்கி மேற்கு ஆசியா. வேறொரு பட்டியல் துருக்கியை ஐரோப்பாவில் சேர்த்திருந்தால் இரண்டையும் கலக்கவே கூடாது.

இதோடு ஒட்டிய இன்னொன்று, பிராந்தியத்துக்குள்ளேயே நடக்கும் வியாபாரம். கனடாவின் ஓஎஸ்பி பலகை (மரச் சீவல்களை ஒட்டி அழுத்தியது) பெரும்பாலும் அமெரிக்காவுக்குத்தான் போகிறது. ஜெர்மனி போலந்துக்கு விற்பதும் 'ஐரோப்பிய ஏற்றுமதி'யில் சேரும். பிராந்தியத்தை விட்டு வெளியே போனது எவ்வளவு என்பதே உங்கள் கேள்வி என்றால், நாட்டுக்கு நாடு வர்த்தகக் கணக்கை எடுத்து உள் வியாபாரத்தைக் கழிக்க வேண்டும்.

அடுத்தது அளவு. ஊரில் ஒரு பிளைவுட் கடைக்குள் போய்ப் பாருங்கள். எட்டுக்கு நாலு ஷீட், 18 எம்எம் தடிமன் என்றால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 19 ஷீட் வரும். அதுவே 6 எம்எம் என்றால் 56. படகு வேலைக்குக் கேட்டு வாங்கும் ஐஎஸ் 710 (இந்தியத் தர எண்) மரைன் பிளையும், மரத்துகளை ஒட்டி அழுத்தி, மலிவான அலமாரிக்குப் போடும் பார்ட்டிகிள் போர்டும் 'மரப்பலகை' என்ற ஒரே தலைப்புக்குள்தான் வருகின்றன. ஒரு பிராந்தியம் பிளைவுட்டும் இன்னொன்று பார்ட்டிகிள் போர்டும் அதிகம் விற்றால், கன மீட்டர் சமமாக இருந்தும் பணம் சமமாக இருக்காது. அதனால் வகைவகையாகப் பிரித்துப் பாருங்கள். வெனீர் (மெல்லிய மரத் தாள்) அந்த மொத்தத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு பட்டியலில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. சரக்கு வகைகளுக்கு உலக அளவில் கொடுக்கும் சுங்கக் குறியீடுகளும் மாறும்: 2007 திருத்தத்தில், மர நாரை அழுத்திச் செய்யும் ஃபைபர் போர்டின் உட்பிரிவுகளையே மாற்றி அமைத்தார்கள்.

டாலர் மதிப்பில் ஒப்பிட்டால் விலைவாசி உயர்வைக் கழித்துவிடுங்கள். ஒரு பக்கம் ஏற்றுமதிக் கணக்கு, மறுபக்கம் இறக்குமதிக் கணக்கு என்று எடுக்க வேண்டாம், இறக்குமதி மதிப்பில் கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்ந்திருக்கும். 2009ஐத் தொடக்க ஆண்டாக வைக்காதீர்கள். உலக நெருக்கடியில் வியாபாரம் படுத்த வருடம் அது, அங்கிருந்து பார்த்தால் யாரும் வளர்ந்த மாதிரிதான் தெரியும்.

அப்புறம், காரணம் எழுதும்போது அவசரம் வேண்டாம். இந்தோனேசியா 1985இல் மரத்தடி ஏற்றுமதியை முழுவதுமாகத் தடை செய்தது. அதன் பிறகு தடியாகப் போன மரம் பிளைவுட்டாகப் போனது. இதைக் 'காட்டு வளம் பெருகியது' என்று படிப்பது அநியாயம். 2000க்குப் பிறகு சீனாவின் பிளைவுட் ஏற்றுமதி பெருகியதை எழுதும்போதும், அதற்கான மரத்தில் ஒரு பங்கு வெளிநாட்டிலிருந்து தடியாக வந்தது என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

கோப்பைப் பதிவிறக்கும்போது எண்களுக்குப் பக்கத்தில் வரும் குறியீட்டுப் பத்தியை அழித்துவிடாதீர்கள். எது ஒரு நாடு கொடுத்த எண், எது மதிப்பீடு என்பது அதில்தான் இருக்கிறது. மதிப்பீட்டு எண்கள் வரும் வருடங்களைப் புள்ளிக்கோடாக வரைந்தால் படிப்பவருக்கு வித்தியாசம் தெரியும்.