படம் ஒருவர் கையில், கட்டை இன்னொருவர் கையில்

ஆட்டிசம் உள்ள பிள்ளையையும் வகுப்புத் தோழர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, "சேர்ந்து விளையாடுங்கள்" என்று விட்டால் போதாது. நன்றாகப் பேசும் பிள்ளை எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ளும். மற்றது வேடிக்கை பார்க்கும். உளவியலாளர் டேனியல் லெகாஃப் 2004-இல் ஆய்விதழில் எழுதிய லெகோ முறை இதற்கு நல்ல மாற்று. லெகோ என்பது ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகள்.

மூன்று பிள்ளைகள், மூன்று வேலைகள். 'பொறியாளர்' எப்படிக் கட்டுவது என்று படிப்படியாகக் காட்டும் படத்தைப் பார்த்துச் சொல்வார். கட்டையைத் தொடக் கூடாது. 'பொருள் தருபவர்' கேட்டதை மட்டும் தட்டிலிருந்து எடுத்துத் தருவார். 'கட்டுபவர்' படத்தைப் பார்க்காமல், சொன்னபடி பொருத்துவார். ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஒரு அடி நகர முடியாது.

முதல் நாள் 20 முதல் 30 கட்டைகள் கொண்ட மாதிரி போதும். முந்தின நாளே எண்ணிவையுங்கள். நடுவில் ஒரு கட்டை குறைந்தால் சில பிள்ளைகளுக்கு அன்றைய ஆட்டமே அதோடு போய்விடும். கட்டையை வாயில் வைக்கும் பிள்ளை இருந்தால் பெரிய டூப்ளோ கட்டைகளே வேண்டும். "சிவப்பு, இரண்டுக்கு நாலு" என்று நிறத்தையும் மேலே உள்ள புள்ளி வரிசைகளின் எண்ணிக்கையையும் சொல்லும் பழக்கத்தை முதலில் எல்லாருக்கும் கொடுங்கள். பேச்சு வராத பிள்ளைக்குக் கட்டைகளின் படஅட்டை கொடுத்தால், அதைக் காட்டியே பொறியாளராக இருக்கலாம்.

ஐந்து படிக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள். பலர் இதில்தான் தவறுகிறார்கள்: ஆட்டிசம் உள்ள பிள்ளையைக் கடைசிவரை பொருள் தருபவராகவே வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பெயர் சேர்த்துக்கொள்வது அல்ல, எடுபிடி வேலை. பொறியாளர் இடம் அதற்கும் கட்டாயம் வர வேண்டும். மாற்றம் திடீரென வந்தால் அழுகை வரும். "இன்னும் ஒரு படி, பிறகு மாறுகிறோம்" என்று முன்கூட்டியே சொல்லி, அவரவர் வேலையைக் காட்டும் அட்டையைக் கையில் மாற்றிக் கொடுங்கள்.

கட்டை தவறாகப் பொருந்தினால் நீங்கள் திருத்தாதீர்கள். "படத்தில் இருப்பது மாதிரியே வந்திருக்கிறதா?" என்று மூவரையும் கேட்டுவிட்டு, பத்து விநாடி வாயைத் திறக்காமல் இருங்கள். தோழன் கைநீட்டித் தானே செய்ய வந்தால், "இப்போது உன் வேலை என்ன?" என்று அட்டையைக் காட்டினால் போதும்.

முடிந்ததும் உடனே பிரிக்க வேண்டாம். மூவரும் சேர்ந்து பெயர் வைக்கட்டும். அடுத்த வாரம்வரை அலமாரியில் இருக்கட்டும்.