மூலிகை வினிகர் தேன்: புளிப்பை நீர்க்கவிடாதீர்கள்

நவம்பர் பிறந்து மழை பிடித்துக்கொண்டால், குடும்ப வாட்சாப் குழுவில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அந்த வினிகர் தேன் மருந்து எப்படிப் போடுறது?" இங்கே சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டு நடைவழியில் கற்பூரவல்லியும் துளசியும் தொட்டியில் தழைத்து நிற்கும். இஞ்சி, பூண்டு, மஞ்சள் எல்லாம் தேக்காச் சந்தையில் கிடைக்கும். எல்லாவற்றையும் வினிகரில் சில வாரம் ஊறவைத்து, வடிகட்டி, தேன் கலந்தால் தொண்டை கரகரப்புக்கு இதமான டானிக் தயார். பழைய கிரேக்கர்கள் இதை ஆக்ஸிமெல் என்றார்கள். புளிப்பு, தேன் என்ற இரு சொற்களின் சேர்க்கை அது. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களிலேயே சளியை இளக்க இதைச் சொல்லியிருக்கிறது. ஈரானில் புதினா போட்டுச் செகன்ஜபின் என்று இன்றும் கோடையில் குடிக்கிறார்கள்.

செய்முறை எளிதாக இருப்பதால் கைக்கு வந்தபடி செய்துவிடுகிறோம். பல ஆண்டுகளாக நானும் போடுகிறேன். அக்கம்பக்கத்தில் போடுவதையும் பார்க்கிறேன். தவறுகள் பலவாகத் தெரிந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: புளிப்பை நீர்க்கவிடுகிறோம்.

மண்ணுக்கடியில் விளையும் பூண்டிலும் இஞ்சியிலும் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கக்கூடும். காற்றில்லாத இடத்தில்தான் அவை வளரும். மூடிய பாட்டிலுக்குள் அப்படியொரு இடம் அமைந்துவிடுகிறது. ஆனால் பி.எச். (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருக்கும் புளிப்பில் அந்தக் கிருமி தலையெடுக்காது. 5 விழுக்காடு அமிலமுள்ள வினிகரின் பி.எச். ஏறத்தாழ 2.5. நம் டானிக்குக்கு இந்தப் புளிப்புதான் காவல். பூண்டை எண்ணெயில் போட்டு அறை வெப்பத்தில் நாள்கணக்கில் வைப்பது ஆபத்து, வினிகரில் வைப்பது ஆபத்தில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

அந்தக் காவலை நாம் எப்படிக் கெடுக்கிறோம்? முதலில் இலையால். கற்பூரவல்லி இலையை விரலால் நசுக்கினாலே சாறு வழியும்; எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். 300 மில்லி வினிகரில் 200 கிராம் இலையை அடைத்தால் காலப்போக்கில் 180 மில்லி அளவுக்கு நீர் வெளியே வரலாம். 5 விழுக்காடாக இருந்த அமிலம் 3 விழுக்காட்டுப் பக்கம் இறங்கிவிடும். பிறகு தேன் சேரும்போது இன்னும் குறையும். இதற்கு மேல், கழுவிய இலையை ஈரத்தோடு அப்படியே பாட்டிலில் திணிப்பவர்களும் உண்டு. இங்குள்ள காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம், துணியில் பரப்பினாலும் இலை சட்டென்று உலராது. அதனால் மின்விசிறிக்கு அடியில் ஓர் இரவு வாடவிடுங்கள். இலை துவண்டு, தொட்டால் ஈரம் ஒட்டாத நிலைக்கு வர வேண்டும். பச்சை மூலிகை என்றால் பாட்டிலில் பாதிக்கு மேல் வேண்டாம். காய்ந்த மூலிகைக்குக் கால்பங்கு போதும், ஊறினால் அது உப்பிவரும். எல்லாம் வினிகருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மேலே தலைநீட்டும் இலையில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். நடைவழித் தொட்டியிலிருந்து பறிப்பவர்களுக்கு இன்னொரு சொல்: டெங்கிக்காகப் புகையடித்திருந்தால் அந்த இலையைத் தொடாதீர்கள். புதிதாகத் தளிர் வரும்வரை பொறுங்கள்.

அடுத்தது வினிகர். ஆப்பிள் சைடர் வினிகர்தான் வேண்டும் என்பதில்லை. அரிசி வினிகர், தேங்காய் வினிகர் எதுவானாலும் சரி, லேபிளில் அமில அளவு 5 விழுக்காடு என்று இருக்கிறதா பாருங்கள். அரிசி வினிகர்கள் பலவும் அதைவிடக் குறைவாக இருக்கும், அவற்றை எடுத்தால் இலையையும் குறைத்துக்கொள்ளுங்கள். சூஷிக்கென்று விற்கும் வினிகரில் சர்க்கரையும் உப்பும் ஏற்கெனவே கலந்திருக்கும், அது இதற்கு ஆகாது. இன்னொரு குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. பழைய வைத்தியக் குறிப்புகளில் வரும் "காடி" பல இடங்களில் புளித்த கஞ்சித் தண்ணீரைக் குறிக்கும். இன்று வினிகரையும் காடி என்கிறோம். பெயர் ஒன்றாயிற்றே என்று புளித்த கஞ்சியில் பூண்டைப் போட்டு மூன்று வாரம் வைத்தால் மிஞ்சுவது கெட்டுப்போன பூண்டுதான்.

தேனிலும் தண்ணீர்க் கணக்கு உண்டு. வழக்கமான தேனில் நீர் 20 விழுக்காட்டுக்குள் இருக்கும். மலேசியாவிலிருந்து வரும் கெலுலுட் தேன், அதாவது கொடுக்கில்லாத தேனீக்களின் தேன், இயல்பிலேயே புளிப்பானது. நீர்ச்சத்து 25 விழுக்காட்டையும் தாண்டும். எனக்கு அதன் சுவை மிகவும் பிடிக்கும். ஆனால் அறை வெப்பத்தில் அது நுரைத்துப் பொங்கும். இந்த டானிக்கில் அதைக் கலந்து இறுக்கி மூடி அலமாரியில் வைத்தேன்; நாலாம் நாள் திறந்தபோது பாதி மேசையில் வழிந்தது. இப்போது கெலுலுட் என்றால் குளிர்பதனப் பெட்டிதான். எந்தத் தேனானாலும் வடிகட்டிய பிறகு, சூடில்லாத வினிகரில், சம அளவிலோ சற்றுக் குறைவாகவோ கலப்பது நல்லது. தேனை அடுப்பில் ஏற்றாதே என்று பாட்டிமார் சொன்னதில் பொருள் உண்டு: சூட்டில் அதன் நொதிகள் அழிகின்றன, மணமும் போய்விடுகிறது.

பாத்திர விஷயத்தில் நம் வீடுகளுக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது. மரபு என்றதும் செம்பையும் பித்தளையையும் எடுத்துவிடுகிறோம். வினிகர் செம்பைக் கரைக்கும். பச்சைக் களிம்பு கலந்த டானிக் குமட்டலையும் வாந்தியையும் கொண்டுவரும். அலுமினியமும் வேண்டாம். ஊர்ப் பரணில் கிடந்த பழைய ஊறுகாய் ஜாடி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பழைய மெருகுப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் நான் பயன்படுத்துவதில்லை. கண்ணாடி பாட்டில்தான் சரி. தகர மூடி துருப்பிடிக்கும், மூடிக்கும் பாட்டிலுக்கும் இடையே பேக்கிங் தாள் ஒன்றை மடித்து வைத்துவிடுங்கள்.

ஊறும்போது பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் பதற வேண்டாம். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலத்தோடு சேரும்போது வரும் நிறம் அது. வடிகட்டாத வினிகரில் அடியில் வழவழவென்று படியும் ஆடை, வினிகரின் தாய். அதுவும் கெடுதல் இல்லை. மேலே பஞ்சுபோல் மயிரோடு எது வளர்ந்தாலும் அது பூஞ்சை. மேலாக வழித்தெடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

இனி, என்னை உண்மையில் கவலைப்பட வைக்கும் தவறு. இஞ்சிச்சாறு, பூண்டுச்சாறு, எலுமிச்சைச்சாறு, ஆப்பிள் சைடர் வினிகர் ஒவ்வொன்றும் ஒரு கப். காய்ச்சிச் சுண்டவைத்துத் தேன் கலந்து வெறும் வயிற்றில் குடித்தால் இதய அடைப்பு கரைந்துவிடும் என்ற குறிப்பு உங்களுக்கும் வந்திருக்கும். ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பை எந்த வினிகரும் கரைத்ததற்கு ஆதாரம் இல்லை. எங்கள் புளோக்கில் ஒரு மாமா இதை நம்பிக் கொழுப்பு மாத்திரையை நிறுத்தியிருந்தார். பலதுறை மருந்தகத்தில் அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போனபோதுதான் மகளுக்கே தெரிந்தது. அவர் அறியாதவர் அல்லர்; மாத்திரை சாப்பிட்டுச் சலித்துப்போனவர். அந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், டானிக்கை எவ்வளவு வேண்டுமானாலும் விரும்புங்கள், மாத்திரையின் இடத்தில் மட்டும் அதை வைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் நாள்தோறும் குடிக்கும் முன் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். ஆடாதோடை சேர்த்திருந்தால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

நீரிழிவு உள்ளவர்கள் தேனைச் சர்க்கரையாகவே எண்ணுங்கள். ஒரு தேக்கரண்டித் தேனில் கிட்டத்தட்ட 6 கிராம் சர்க்கரை. சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்த நாடு இது. இங்கே சீனர்களைவிட நம்மவர்களிடம் அந்நோய் அதிகம்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு சொட்டும் வேண்டாம். புளிப்பு பாட்டுலிசக் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்குமே தவிர வித்தைக் கொல்லாது. தேனிலும் அந்த வித்து இருக்கலாம், பச்சிளங்குடலில் அது முளைத்துவிடும். சேனை வைக்கும் வழக்கமுள்ள வீடுகளிலும் தேனைத் தவிர்த்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி, ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில். கலக்காமல் குடித்தால் பல்லின் மேற்பூச்சு அரிக்கும், நெஞ்சும் எரியும். குடித்ததும் வாயைக் கொப்பளியுங்கள்; உடனே பல் துலக்காமல் அரை மணி நேரம் விடுங்கள்.

மூன்று வாரம் ஊறியது போதும். தேன் கலந்த நாளைப் பாட்டிலில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடலாம். வடிகட்டிய இஞ்சி, பூண்டைப் பலர் குப்பையில் போடுகிறார்கள். பச்சை மிளகாயோடு அரைத்து, உப்பும் கொஞ்சம் வெல்லமும் சேர்த்துத் தாளித்தால் தோசைக்கு அருமையான துவையல். புளி போடத் தேவையில்லை, அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.