படப்புத்தகத்தைக் கடையிலேயே சோதித்து வாங்குவது எப்படி

அட்டை அழகாக இருக்கிறதே என்று நான் வாங்கிய படப்புத்தகங்கள் வீட்டில் ஒரு அடுக்கு இருக்கின்றன, அக்கா மகள் அவற்றைப் பொம்மைக்குக் கட்டிலாகப் போட்டு வைத்திருக்கிறாள். அதனால் இப்போதெல்லாம் கடையில் நின்று சோதித்துப் பார்க்காமல் எதையும் எடுப்பதில்லை. ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வாங்கப் போகிறீர்கள் என்றால் நீங்களும் செய்து பாருங்கள், ஒரு புத்தகத்துக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

முதலில் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் புரட்டுங்கள். அப்புறம் எழுத்தை மட்டும் படியுங்கள். "குரங்கு மரத்தில் ஏறியது" என்று எழுதிவிட்டு, மேலே குரங்கு மரத்தில் ஏறுகிற படத்தை மட்டும் போட்டிருந்தால், ஓவியருக்குக் கொடுத்த காசு தண்டம். எழுத்து சொல்லாத எதையாவது படம் சொல்ல வேண்டும். பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த 'ரோஸீஸ் வாக்' (1968) புத்தகத்தைப் பார்த்தால் இது சட்டென்று புரிந்துவிடும். ஆங்கிலத்தில் மொத்தமே 32 சொற்கள். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது, எழுத்தில் அவ்வளவுதான் கதை. படத்திலோ கோழிக்குப் பின்னாலேயே ஒரு நரி வருகிறது, குளத்தில் விழுகிறது, வைக்கோலில் புதைகிறது, தலையில் மாவு கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. நரி என்ற சொல் புத்தகத்தில் எங்குமே கிடையாது! கோழியோ திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. படிக்கிற பெரியவருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்துவிட்ட மாதிரி குழந்தை "பின்னாடி பாரு, பின்னாடி பாரு" என்று கத்தும், அதற்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம்.

அடுத்து, ஒரே பாத்திரத்தை நாலு பக்கங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டை நிறம் மாறுகிறதா, கையில் ஆறு விரல் இருக்கிறதா? இணையத்தில் கிடைத்த படங்களை ஒட்டியும், கணினியைப் போடச் சொல்லியும் ஒப்பேற்றுகிற புத்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன. நமக்குத் தெரியாமல் போகலாம், பிள்ளைகள் விடமாட்டார்கள்.

பிறகு இரண்டு பக்கமாவது வாய்விட்டுப் படியுங்கள், பக்கத்தில் நிற்பவர் பார்த்தால் பார்க்கட்டும். தமிழில் நான் அதிகம் ஏமாந்தது இதில்தான். "அச்சிறுவன் தன் தந்தையிடம் வினவினான்" என்று ஒரு புத்தகத்தில் படித்தேன், "வினவினான்னா அடிச்சானா?" என்று அக்கா மகள் கேட்டாள். "கேட்டான்" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? அச்சையும் கவனியுங்கள். அலங்கார எழுத்தில் கெ எது, கே எது என்று நமக்கே தடுமாறினால், இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிற பிள்ளை என்ன செய்யும்? கரும்பச்சைக் காட்டின் மேல் கறுப்பு எழுத்தைப் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

புத்தகத்தை நன்றாக விரித்து நடுமடிப்பைப் பாருங்கள். யானையின் முகம் பாதி அங்கே மாட்டிக்கொண்டிருந்தால் அது வடிவமைத்தவரின் சோம்பேறித்தனம். இரண்டு வயதுக்குள் என்றால் கெட்டி அட்டைப் பக்கங்கள்தான், வேறு எதுவும் ஒரு வாரம் தாங்காது.

கடைசிப் பக்கத்தில் பெட்டி கட்டி 'நீதி' போட்டிருந்தால் நான் வாங்குவதில்லை. அக்காவுக்கு இதில் என்னோடு சண்டை. அவள் வாங்கிவந்ததில் அந்தப் பெட்டியின் மேல் நான் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன்.

இன்னொன்று, அழகான புத்தகம் எல்லாமே குழந்தைக்கான புத்தகம் ஆகிவிடாது. சென்னை தாரா புக்ஸ் 2006இல் கொண்டுவந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' கோண்ட் பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்களை, கையால் செய்த கறுப்புத் தாளில் திரை அச்சாக (ஸ்கிரீன் பிரிண்ட்) போட்டது. தடவிப் பார்த்தாலே மை விரலுக்குத் தெரியும். அதை எனக்காக வாங்கி மேல் தட்டில் வைத்திருக்கிறேன். மாம்பழக் கையோடு வருகிற நாலு வயசுக்காரி கேட்டால் இறக்கிக் காட்டுவேன், கையில் கொடுக்க மாட்டேன்.

காசு போடத் தயக்கமாக இருந்தால் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, இறக்கி அச்செடுத்தும் கொள்ளலாம். பிள்ளையின் படிக்கும் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். தானாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்தக் கணக்கு சரி, நீங்கள் படித்துக்காட்டுவதாக இருந்தால் ஒரு நிலை மேலேயே எடுங்கள். மொழிபெயர்ப்பின் தரம் கதைக்குக் கதை மாறும், அதனால் அங்கேயும் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான். நான் மூன்று கதைகளை அச்செடுத்து ஸ்டேப்ளர் போட்டுக் கட்டில் ஓரம் வைத்துவிடுவேன். எதை அவளே தூக்கிக்கொண்டு வந்து மடியில் போடுகிறாளோ, அந்த எழுத்தாளரையும் ஓவியரையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போவேன்.