தேரி மணலில் புது எக்ஸ்பல்ஸ்: முதல் மாதம் எப்படிப் பழகலாம்?

பத்து வருடம் ஸ்ப்ளெண்டர் ஓட்டியவன் நான். கரடுமுரடான பாதைக்கென ஹீரோ தயாரிக்கும் எக்ஸ்பல்ஸ் 200 ஃபோர்வி பைக்கில் ஏறி உட்கார்ந்த அன்று கால் விரல் நுனிதான் தரையைத் தொட்டது. சீட் உயரம் 825 மி.மீ., என் உயரம் 5 அடி 5 அங்குலம். ஷோரூம் வாசலைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஒரு மாதம், 900 கி.மீ. ஓட்டிய பிறகு சொல்கிறேன்: இந்த வண்டியை முதல் நாள் அனுபவத்தை வைத்து எடை போடாதீர்கள். முதலில் அதை உங்கள் உடம்புக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளுங்கள்.

உயரத்துக்குப் பயந்து வாங்கிய வாரமே சஸ்பென்ஷனை இறக்குகிறவர்கள் உண்டு. வேண்டாம். வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள 220 மி.மீ. இடைவெளிக்காகத்தானே (கிரவுண்ட் கிளியரன்ஸ்) வாங்கினோம்! வண்டி நிற்கப்போகும்போது இடுப்பைச் சீட்டின் இடது ஓரத்துக்கு நகர்த்துங்கள். இடது பாதம் நன்றாக ஊன்றும், வலது கால் பின் பிரேக்கில் இருக்கும். காலி மைதானத்தில் ஐம்பது தடவை நின்று கிளம்பிப் பாருங்கள். எனக்கு மூன்றாம் நாளே உயரம் மறந்துபோனது. ஒன்று மட்டும் கவனம்: தரை சரிவாக இருந்தால் மேடான பக்கத்துக் காலைத்தான் ஊன்ற வேண்டும்.

அடுத்தது கைப்பிடி. கால் வைக்கும் ஃபுட்பெக்கில் எழுந்து நின்று கிளட்சையும் பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கினால் லீவர்களின் போல்ட்டைத் தளர்த்தி, லீவரைச் சற்றுக் கீழே சாய்த்து இறுக்குங்கள். ஐந்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் நின்று ஓட்டினால் அரை மணி நேரத்தில் கை கடுக்கும்.

தார் ரோட்டில் முதலில் தெரிவது, முன் பிரேக்கைப் பிடித்ததும் மூக்கு அமுங்குவது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் 190 மி.மீ. வரை அமுங்கும், அதனால் அது கோளாறு இல்லை. பின் பிரேக்கை ஒரு கணம் முன்னால் தொட்டு, பிறகு முன் பிரேக்கை மெதுவாக அழுத்தினால் வண்டி நிதானமாக உட்காரும். என் வண்டியில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

இனி தேரிக்கு, அதாவது செம்மணல் மேட்டுக்கு வருவோம். தூத்துக்குடி மாவட்டத்தில் காயாமொழிப் பக்கம் குதிரைமொழித் தேரி இருக்கிறது. செக்கச்செவேல் என்ற மணல், பனை, முந்திரி. உள்ளே காப்புக்காடும் இருப்பதால் நான் ஊர்க்காரர்கள் போய்வரும் பாதையை விட்டு விலகுவதில்லை. மணலுக்குள் இறங்குமுன் இரண்டு டயரிலும் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை குறைக்கிறேன். டயர் பரந்து மணல்மேல் மிதக்கும். இது ட்யூப் டயர், அதனால் இன்னும் குறைத்தால் கல்லில் அடிபட்டு ட்யூப் கிழியும், ரிம்மும் நெளியும்.

மணலில் என் முதல் தவறு, பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டது. விட்டவுடன் எடை முன்னால் சாய்ந்தது, 21 அங்குல முன் சக்கரம் கலப்பை மாதிரி மண்ணுக்குள் இறங்கியது, நான் கீழே கிடந்தேன். செய்ய வேண்டியது நேர் எதிரானது. இரண்டாம் கியரில் எழுந்து நின்று, இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, ஆக்ஸிலேட்டரை ஒரே சீராகப் பிடியுங்கள். ஹேண்டில் இடமும் வலமும் அலையும், அலையட்டும். கையால் நெரித்துப் பிடிக்காமல் முழங்காலால் டேங்கை அணைத்துக்கொள்ளுங்கள். பார்வை சக்கரத்தில் இருக்கக் கூடாது, இருபது முப்பதடி தள்ளி இருக்க வேண்டும். திரும்ப வேண்டிய பக்கத்து ஃபுட்பெக்கை மிதித்தால் வண்டி தானாகத் திரும்புகிறது. அது கைவந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

விழுந்தால் முதலில் என்ஜினை நிறுத்துங்கள். கியர் போட்டிருந்தால் வண்டி உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குமுன்பே சைடு ஸ்டாண்டை வெளியே எடுத்துவிடுங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டி, குனியாமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின் கைப்பிடியையும் பிடித்து, காலால் தரையை உந்திப் பின்னோக்கி நடங்கள். ஏறக்குறைய 160 கிலோ எழுந்து வரும். பின் சக்கரம் புதைந்துவிட்டால் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்னும் குழிதான் விழும். வண்டியை மெல்ல ஒரு பக்கமாகப் படுக்க வைத்து, குழியில் மணலைத் தள்ளி மூடிவிட்டு நிமிர்த்துங்கள்.

தூக்கி நிறுத்தினாலும் ஸ்டாண்டு மணலில் இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த பனையேறி ஒருவர், "மட்டைய வைங்க தம்பி, எறங்காது" என்று ஒரு காய்ந்த பனை மட்டைத் துண்டை எடுத்துக் கொடுத்தார். அது இப்போது என் பையில் நிரந்தரமாக இருக்கிறது.

தார் ரோடு ஏறியதும் காற்றை நிரப்பாமல் வேகம் எடுக்காதீர்கள். நான் உடன்குடிப் பஞ்சர் கடை அண்ணாச்சியிடம் வண்டியில் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பிடித்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்ததும் செயினிலிருந்து செம்மணலைப் பிரஷ்ஷால் தட்டித் துடைத்து, காய்ந்த பிறகு லூப் (செயினுக்கான மசகு) அடிக்கிறேன். அப்படியே செயினின் தளர்வையும் பாருங்கள். பின் சக்கரம் மேலே எழும்பும்போது செயின் இழுபடும் என்பதால், ஸ்ப்ளெண்டர் பழக்கத்தில் விறைப்பாக வைத்துவிடக் கூடாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவுக்கே வையுங்கள்.