ஆள் வராத பூங்காவுக்கு ரிக்கெற் கழிவு: எந்த நாளில், யாருக்கு, எவ்வளவு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் ஆறேழு விளையாட்டுகளோடு ஓடுகிற சிறிய பூங்காக்காரருக்கு இது. ஒரு ராட்டினம், குதிரைச் சுற்று, மோதும் கார், குட்டி ரயில், காற்றடித்த சறுக்கு, மிதிபடகு, ஒரு கன்ரீன், அவ்வளவுதான் சொத்து. சனம் குறைந்தவுடன் கைக்கு வருகிற முதல் யோசனை “எல்லாருக்கும் அரைவிலை” என்று பனர் அடித்து ஏ9 வீதி ஓரத்தில் கட்டுவது. அதற்கு முன்னம் ஒரு கொப்பியும் கல்குலேற்றரும் எடுத்துக்கொண்டு இருங்கள்.

தலைக்கணக்கு

ரிக்கெற் 800 ரூபாய் என்று வைப்போம். ஒரு ஆள் உள்ளே வருவதால் மட்டும் கூடுகிற செலவைத் தனியாக எடுங்கள்: கைப்பட்டி, தண்ணீர், கழிவறைச் சாமான், ரிக்கெற் அச்சு. அது 60 ரூபாய் என்போம். சம்பளமும் காணி வாடகையும் இதில் சேராது, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அவை போகும். ஆக ஒரு தலைக்கு மிஞ்சுவது 740. அதே ரிக்கெற்றை 600க்கு விற்றால் 540 மிஞ்சும். 740ஐ 540ஆல் பிரித்தால் 1.37. முன்பு 100 பேர் வந்த நாளில் இனி 137 பேர் வந்தால்தான் பழைய காசே கைக்கு வரும். அரைவிலை என்றால் மிஞ்சுவது 340, தேவை 218 பேர்.

“கன்ரீனில் பிடித்துவிடலாம்” என்பார்கள். ஒரு ஆளுக்குக் கன்ரீனில் 120 ரூபாய் இலாபம் நிற்கிறது என்றால் அரைவிலைக்கு 187 பேர் போதும், உண்மைதான். ஆனால் கழிவுக்காக வருகிற குடும்பம் சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுதான் வரும். அவர்களுக்கு அந்த 120இல் பாதியை மட்டும் எழுதினால் மறுபடி 215 பேர் ஆகிவிடுகிறது.

அடுத்தது, வருகிற சனத்தை உங்கள் விளையாட்டுகள் தாங்குமா என்பது. 24 இருக்கை ராட்டினம் 3 நிமிடம் சுற்றி, ஏற்றி இறக்க 2 நிமிடம் எடுத்தால் மணித்தியாலத்துக்கு 12 சுற்று, 288 பேர். நடைமுறையில் 200 போனால் பெரிய விஷயம், இருக்கை நிறையாமல் ஓடும் சுற்று எப்போதும் இருக்கும். எல்லா விளையாட்டும் சேர்த்து மணித்தியாலத்துக்கு 500 பேரை ஏற்றும் பூங்காவுக்குள் 600 பேர் நின்றால், ஒரு ஆளுக்கு ஒரு மணித்தியாலத்தில் ஒரு ஏற்றம்கூட இல்லை. வெயிலில் வரிசையில் நின்ற பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும். அந்தக் குடும்பம் அடுத்த வருடம் வராது. 330 பேர் நின்றால் ஒரு ஆளுக்கு மணித்தியாலத்துக்கு ஒன்றரை ஏற்றம் வரும், அதற்கு மேல் நிற்கிற நாளில் கழிவு கொடுப்பது காசு கொடுத்துப் பேரைக் கெடுப்பதுதான். ஞாயிற்றுக்கிழமைக் கழிவு வேண்டவே வேண்டாம்.

சரி, புதன்கிழமைக்குக் கொடுப்போம் என்றால் அங்கேயும் ஒரு பொறி உண்டு. புதனில் வழமையாக 40 பேர், 600 ரூபாய் என்று கழிவு போட்டவுடன் 95 பேர். பார்த்தவருக்கு இரண்டு மடங்குக்கு மேல். காசாகப் பார்த்தால் 29,600 ரூபாய் 51,300 ஆகிறது, 21,700 கூடுதல். ஆனால் அதே கிழமை ஞாயிறு 300இல் இருந்து 270க்கு இறங்கியிருந்தால் அங்கே போனது 22,200. ஞாயிறு வரவேண்டிய ஆள்தான் புதன் வந்திருக்கிறார், முழுவிலைக்குப் பதில் கழிவு விலையில். ஆகவே ஒரு நாளை மட்டும் பார்க்காமல் முழுக் கிழமையையும் நான்கு கிழமைக்கு எழுதிப் பாருங்கள்.

வன்னியில் மறிப்பது வாகனக்கூலி

விசுவமடுவிலோ மல்லாவியிலோ இருக்கிற குடும்பம் வராமல் இருப்பதற்கு ரிக்கெற் விலை இரண்டாவது காரணம்தான். ஐந்தாறு பேர் போய்வர ஓட்டோவோ வானோ பிடிக்கும் கூலி ரிக்கெற்றை விழுங்கிவிடும். பஸ்ஸில் வந்தால், பின்னேரம் கடைசி பஸ் போய்விடும் என்ற பயத்தில் நாலு மணிக்கே வெளிக்கிடுவார்கள். அதனால்தான் “மாலை 5 மணிக்குப் பின் 400 ரூபாய்” என்கிற ரிக்கெற் டவுனுக்குள் இருக்கிற ஆக்களுக்கு மட்டும் ஓடுகிறது.

எனவே கழிவைத் தலைக்குக் கொடுக்காமல் வாகனத்துக்குக் கொடுங்கள். ஒரு வானில் வருகிறவர்கள் 10 ரிக்கெற் எடுத்தால் 2 இலவசம். 12 பேருக்கு ஒரு தலை 667 ரூபாய்க்குள் விழும். வான்காரருக்கு ஒரு நேரச் சாப்பாடும் கையில் 500 ரூபாயும் அன்றைக்கே கொடுங்கள். “பிறகு தாறன்” என்ற இடத்துக்கு அவர் மறுபடி வரமாட்டார். அவருடைய நம்பரை வட்ஸ்அப்பில் சேருங்கள். ஐம்பது வான், ஓட்டோக்காரர் உள்ள அந்தப் பட்டியல் ஐயாயிரம் லைக்கை விடப் பெறுமதி. ஊர்ப்பக்கத்தில் ஆள் சேர்ப்பதற்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சனசமூக நிலையம், கமக்காரர் அமைப்பு இருக்கின்றன. சங்கத் தலைவியிடம் நேரே போய், வானை எங்கே நிறுத்தலாம், எத்தனை மணிக்குத் திருப்பி அனுப்புவீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். விலையை அதற்குப் பிறகு சொல்லலாம்.

கதவடியில் நடப்பது

ரிக்கெற் யன்னலில் ஒரு குடும்பம் வந்து நிற்கும்போது கவனியுங்கள். அம்மா விரலை மடித்துத் தலை எண்ணுவார்: தான், மனிசன், மூன்று பிள்ளைகள், அம்மம்மா. அம்மம்மாவுக்கும் 800 என்று கேட்டவுடன் கை நின்றுவிடும். அவர் ஒன்றிலும் ஏறப்போவதில்லை. அந்த ஒரு ரிக்கெற்றுக்காக ஆறு பேரும் திரும்பிப் போவார்கள். இதற்கு “பார்வையாளர்” ரிக்கெற் 200 ரூபாய் வையுங்கள், அதில் 100க்குக் கன்ரீன் சிட்டை. அதற்கு வேறு நிறக் கைப்பட்டி கட்ட மறக்கக்கூடாது. இல்லாவிட்டால் பார்வையாளராக வந்த மனிசன் மோதும் காரில் இருப்பார். குழந்தையோடு குட்டி ரயிலில் ஏறினால் விடுங்கள், பெரிய விளையாட்டுக்கு மட்டும் தனியாக 150 எடுங்கள்.

சிறுவர் ரிக்கெற்றுக்கு வயதைக் கேட்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளையைக் கதவடியில் ஆறு வயதாக்குவார்கள், பிள்ளை திருத்தும், எல்லாருக்கும் வெட்கம். கதவு நிலையில் 90, 120 சென்ரிமீற்றரில் கோடு போடுங்கள். 90க்குக் கீழ் இலவசம், 120 வரை 500 ரூபாய். சப்பாத்தைக் கழற்றி அளக்கவேண்டும்.

குடும்பப் பொதியை ஆயிரத்தில் முடியுங்கள். இரண்டு பெரியவர், இரண்டு சிறுவர், ஒரு பார்வையாளர் சேர்ந்து 2,800 வந்தால் 2,500 என்று போடாமல் 3,000க்கு அதே ஆக்களோடு 600 ரூபாய்ச் சாப்பாட்டுச் சிட்டையும் கொடுங்கள். மிச்சம் கொடுக்கச் சில்லறை தேட வேண்டியதில்லை. 600 ரூபாய்ச் சாப்பாடு உங்களுக்கு அடங்குவது அதைவிடக் குறைவு, சோற்றுப் பார்சலும் வீட்டில் நிற்கும்.

பாடசாலை

கிழமை நாளை நிரப்புவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு காலையில் திறந்தால் விளையாட்டுகளை இயக்குகிற ஆறு பேருக்கு 12,000, மின்சாரமும் டீசலும் 6,000 என்று 18,000 போகிறது என்போம். பிள்ளைக்கு 400 ரூபாய் எடுத்தால் தலைக்கு 340 மிஞ்சும், 53 பிள்ளைகளில் செலவு அடையும். 15 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் இலவசம், பஸ் சாரதியும் உதவியாளரும் இலவசம் என்பதால் 60க்குக் குறைந்த தொகைக்குத் திறக்காதீர்கள். இரண்டு சிறிய பாடசாலைகளை ஒரே நாளில் சேர்த்துவிடலாம். சுற்றுலாவுக்கு வலய அனுமதி வேண்டும், அதற்கு நாள் எடுக்கும். ஆகவே அதிபருக்குக் கடிதம் தவணை தொடங்கிய முதல் கிழமையிலேயே போகவேண்டும். துணுக்காய், முல்லைத்தீவு, வவுனியா வடக்கு, மடு என்று வலயம் வலயமாகப் பிரித்து, ஒரு வலயத்துக்கு ஒரு மாதம் என்று வையுங்கள். கடிதத்தில் கழிவறை எத்தனை, நிழல் எங்கே, முதலுதவிக்கு யார் என்பது விலைக்கு மேலே இருக்கட்டும். அதிபர் பார்ப்பது அதைத்தான்.

போகும்போது ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு துண்டு: “அம்மா அப்பாவோடு வந்தால் இந்தப் பிள்ளை இலவசம், 30 நாள்.” பாடசாலைப் பெயர் முத்திரை குத்தியிருக்கவேண்டும். எந்தப் பாடசாலைத் துண்டு திரும்பி வருகிறது என்பது அடுத்த தவணைக்கு உங்களுக்கு வழிகாட்டும்.

எந்த மாதம்

காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு மாசி, பங்குனியில் கைக்கு வரும். சித்திரையில் புத்தாண்டும் தவணை விடுமுறையும். இந்த மாதங்களில் கழிவு தேவையில்லை. ஆவணிக்கும் தேவையில்லை: விடுமுறை, நல்லூர்த் திருவிழா, ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா, வெளிநாட்டில் இருந்து வந்து நிற்கிற சனம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, காசெல்லாம் உரத்துக்கும் விதைநெல்லுக்கும் போயிருக்கும். அப்போது எவ்வளவு குறைத்தாலும் ஆள் வராது. கிழமையில் இரண்டு நாள் மட்டும் திறந்து, பெயாரிங், பெல்ட், பூச்சு வேலைகளை முடியுங்கள். இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிற நாளில் ஊரே அங்கேதான் நிற்கும், அன்றைக்குப் போட்டி போடாதீர்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையும் அப்படித்தான்.

உண்மையில் கழிவுக்கு ஏற்றவை யூன், யூலையின் கிழமை நாட்களும், ஜனவரியில் மழை விட்ட பிறகும்தான். அரச சம்பளம் கைக்கு வந்த பின் வருகிற சனி ஞாயிறு முழுவிலைக்கே நிறையும், மாத நடுவைப் பாருங்கள். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள், நவம்பர் 27 மாவீரர் நாள், இரண்டு நாளும் மூடுங்கள். அதற்கு முந்திய கிழமையில் பாட்டும் வேண்டாம், கொண்டாட்ட விளம்பரமும் வேண்டாம். இதைத் தெரியாத வெளியூர் விளம்பர முகவர் திகதி போட்டுத் தந்தால் திருத்துங்கள்.

ஏ9இல் போகிறவர்

தெற்கில் இருந்து நயினாதீவுக்கு வந்து திரும்புகிற பஸ்கள் முழுநாள் ரிக்கெற் எடுக்காது. அவர்களுக்கு வேண்டியது கழிவறை, தேத்தண்ணி, பிள்ளைகள் கால் நீட்ட அரை மணித்தியாலம். மூன்று ஏற்றத்துக்கு 300 ரூபாய் என்று ஒரு ரிக்கெற் வையுங்கள், கழிவறை இலவசம், பலகை மூன்று மொழியிலும். 70 கிலோமீற்றரில் ஓடும் பஸ் 500 மீற்றரை 26 செக்கனில் கடந்துவிடும், சாரதியோடு கதைத்து முடிவெடுக்க அது காணாது. முதல் பலகை 2 கிலோமீற்றருக்கு முன்னமே நிற்கவேண்டும். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி இல்லாமல் வீதியோரத்தில் நட்டால் பிடுங்கிப் போவார்கள்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காத வாகனம் குறைவு. கோயில் வளவில் பனர் கட்டாதீர்கள். கச்சான் விற்பவர்களுக்குக் கடதாசிப் பைகளை இலவசமாக அடித்துக் கொடுத்து, பையில் 100 ரூபாய்க் கூப்பனும் வரைபடமும் போடுங்கள். நோட்டீசை எறிவார்கள், கச்சான் முடியுமட்டும் பை கையில் இருக்கும்.

பேஸ்புக், வட்ஸ்அப்

பக்கத்துக்கு லைக் கூடக்கூடச் சந்தோசப்படாதீர்கள், பாதி லைக் கனடாவிலும் லண்டனிலும் இருந்து வரும். காசு கட்டி விளம்பரம் போடும்போது இடத்தைக் கிளிநொச்சியைச் சுற்றி 40 கிலோமீற்றர் என்று வையுங்கள். வெளிநாட்டு ஆக்களுக்கு வேறு சாமான் விற்கலாம்: ஊரில் இருக்கும் மருமகளின் பிறந்தநாளுக்கு 12 பேர் ரிக்கெற், கேக், படம். காசு வங்கிக்கு வந்த பிறகே திகதி உறுதி. இதில் கழிவு கேட்பவர் குறைவு, கேட்பது வீடியோ.

இணையத்தில் எடுத்த வெளிநாட்டுப் பூங்காப் படத்தைப் போடாதீர்கள். பெரிய சறுக்குப் படத்தைப் பார்த்து வந்தவர் உங்கள் காற்றடித்த சறுக்கைக் கண்டு கதவடியிலேயே சண்டைக்கு நிற்பார். 15 செக்கன், போனை நிமிர்த்திப் பிடித்து, உங்கள் ராட்டினம், உங்கள் விலை. பிள்ளைகளின் முகம் வந்தால் தாய் தகப்பனைக் கேட்டு எடுங்கள்.

வட்ஸ்அப்பில் “இந்தப் படத்தைக் காட்டினால் அரைவிலை” என்று ஒருமுறை விட்டால் அது நிற்காது. மாதம் கழித்தும் ஞாயிற்றுக்கிழமையில் அதே படத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். படத்தில் கடைசித் திகதி, செல்லும் கிழமை நாள், ஒரு போனுக்கு ஒரு தடவை என்பது பெரிய எழுத்தில் இருக்கட்டும். கதவடியில் போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள். அச்சடித்த கூப்பனுக்குத் தொடர் இலக்கமும் அடிக்கட்டையும் வேண்டும், கறுப்பு வெள்ளையில் அடித்தால் போட்டோக் கொப்பி எடுத்துவிடுவார்கள். பள்ளிக்கு ஒரு நிறம், கச்சான் பைக்கு ஒன்று, வானுக்கு ஒன்று என்று வைத்தால் மாத முடிவில் எது ஆள் கொண்டுவந்தது என்று கட்டுக்கட்டாக எண்ணலாம். கழிவு ரிக்கெற்றும் இலவச ரிக்கெற்றும் அச்சடிக்க முன்னம் பிரதேச சபையில் காட்டி, களியாட்ட வரி எந்த விலைக்குக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள். மேலே சொன்ன 740, வரி கட்டிய பிறகு மிஞ்சும் தொகையாக இருக்கவேண்டும்.

ஆறில் இரண்டு விளையாட்டு பழுதாக நின்றால் காசு வாங்க முன்னம் யன்னலில் எழுதிப் போட்டு, அன்றைக்கு மட்டும் 150 குறையுங்கள். மழையால் 45 நிமிடத்துக்கு மேல் எல்லாம் நின்றால் காசைத் திருப்பாமல் 30 நாளுக்குள் வரக்கூடிய மறுரிக்கெற் கொடுங்கள். மறுபடி வருகிறவர் தனியே வரமாட்டார், கூட வருகிறவர்கள் முழுவிலை கொடுப்பார்கள்.